247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

பெருநகர சென்னை மாநகராட்சிக் கல்வித் துறைக்கும், திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் உள்ள தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வடசென்னையில் சின்னப் பிள்ளைகளோடு வாசிப்பு வேலை செய்கிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. நாங்கள் கேட்பதன் சாரம் ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே பிள்ளையின் கைக்குக் கதைப் புத்தகம் வரட்டும். எழுத்துப் பாடம் ஒரு பக்கம் நடக்கட்டும், அது முடியும்வரை புத்தகம் காத்திருக்க வேண்டாம்.

பல வகுப்பறைகளில் இப்போது இருக்கும் வரிசை இது: 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247-ஐயும் சொல்லி முடிக்க வேண்டும். பிறகு சொல், பிறகு வாக்கியம், எல்லாம் வந்தபின் கதை. இப்படிப் போனால் கதைப் புத்தகத்தின் முறை வருவதற்குள் மூன்றாம் வகுப்பு வந்துவிடும். அதற்குள், வாசிப்பது என்றால் பலகையைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து கத்துவது என்று பிள்ளை முடிவு கட்டியிருக்கும். அந்த முடிவை மாற்றுவது எழுத்து சொல்லிக் கொடுப்பதைவிடக் கடினமான வேலை.

சேர்ந்து ஒப்பிப்பதில் உள்ள ஆபத்து, அது வாசிப்பு போலவே காதில் விழும் என்பதுதான். க, கா, கி, கீ என்று கௌ வரை ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளையிடம் 'கூ'வை மட்டும் தனியாகக் காட்டுங்கள். பல பிள்ளைகள் மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்துதான் அந்த இடத்தைப் பிடிப்பார்கள். பாடப்புத்தகப் பத்தியைக் கடகடவென்று சொல்லும் பிள்ளையிடம் படத்தைக் கையால் மறைத்து, நடுவில் இருக்கும் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். தெரியாமல் விழித்தால் அந்தப் பிள்ளை இதுவரை மனப்பாடத்தைத்தான் சொல்லியிருக்கிறது. பிள்ளையைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லத்தான் பழக்கியிருக்கிறோம்.

எழுத்தை எங்கே தொடங்குவது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ப, ட, ம, க, ல என்ற ஐந்து எழுத்து, ஒரு புள்ளி, ஒரு துணைக்கால். இவ்வளவு தெரிந்தால் போதும், கடல், கப்பல், பாலம், பட்டம், படம், பாடம், பகல், பால், கால், காக்கா, மாமா எல்லாவற்றையும் பிள்ளை தானே கூட்டிப் படிக்கும். காசிமேட்டுப் பிள்ளைக்குக் கப்பலையும் கடலையும் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. மேல்விலங்கு (இகரக் குறி) சேர்ந்ததும் பாட்டி, மாடி, படி, கட்டில், பாட்டில் வந்துவிடும், 'கடலில் கப்பல்' என்று வாக்கியம் மாதிரி ஒன்றையும் படிக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் பிள்ளை தான் படித்துவிட்டதாக உணர வேண்டும். அந்த உணர்வு வராமல் எழுத்துகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் அடுத்த எழுத்தைக் கற்க அதற்கு ஆசை இருக்காது.

அடுத்து உகரம். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். துணைக்கால் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஒரே வடிவம். உகர, ஊகாரக் குறிகள் அப்படி இல்லை. கு, டு, து, பு, மு, ரு எல்லாம் ஒரே விதமாக வளைவதில்லை, கூ, டூ, பூ, மூ இன்னும் வேறு. ஒரே நாளில் பதினெட்டையும் பலகையில் எழுதிப் போட்டால் ஒன்றுமே தங்காது. ஒரு வாரத்துக்கு இரண்டு மூன்று போதும், அதுவும் ஒரே மாதிரி வளைகிறவையாகச் சேர்த்து. ஔகார வரிசைக்கு அவசரமே வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் கதையில் 'கௌ', 'பௌ' எத்தனை தடவை வந்துவிடப் போகிறது?

கொம்பு எழுத்துகளில் நடக்கும் தவறு ஒரே மாதிரியானது. பிள்ளையின் கண் இடமிருந்து வலமாகப் போகிறது. 'கோடு' என்ற சொல்லில் முதலில் கண்ணில் படுவது இரட்டைக்கொம்பு. அது தனியாக ஒலிக்காது என்பதால் பிள்ளை அதைத் தாண்டிப் போய், க, பக்கத்தில் துணைக்கால் என்று பார்த்து 'காடு' என்று படித்துவிடும். 'தவறு, மறுபடி படி' என்றால் மறுபடியும் 'காடு' என்றே வரும். ஏன் தவறு என்று அதற்குத் தெரியாதே. இதற்கு மருந்து மூன்று அட்டைத் துண்டுகள். கொம்பு ஒன்று, க ஒன்று, துணைக்கால் ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் இருப்பது ஒரே எழுத்து என்று கையால் வைத்து எடுக்கப் பழக்குங்கள். பிறகு காடு – கோடு, கொடு – கோடு, பெட்டி – பேட்டி, எடு – ஏடு என்று ஜோடி ஜோடியாகக் கொடுங்கள். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சின்னச் சுழிதான். பொடி எழுத்தில் அச்சடித்த நகலில் அது கண்ணுக்கே தெரியாது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு அட்டை எழுதும்போது எழுத்து கட்டைவிரல் நகத்தளவாவது இருக்கட்டும்.

துணைக்காலும் 'ர'வும் சேர்ந்தாற்போல வரும் சொல்லில் ('காரம்', 'பாரம்') தடுமாறுவது வழக்கம். கொஞ்ச நாளில் தானாகச் சரியாகும்.

வடசென்னைப் பிள்ளையின் பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் 'பாட்டி வீட்டில் இருக்கிறார்' என்று இருக்கிறது. பிள்ளை விரலை ஓட்டிக்கொண்டே 'ஆயா வூட்ல கீது' என்கிறது. இதைக் கேட்டு வகுப்பு சிரித்தால், அதிலும் ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளை அதன் பிறகு வாயைத் திறக்காது. கவனித்துப் பார்த்தால் பிள்ளை செய்தது பெரிய காரியம். எழுத்தைப் பார்த்தது, பொருளைப் பிடித்தது, தன் மொழியில் சொன்னது. 'சரியாச் சொன்ன, புத்தகத்துல எப்படி எழுதியிருக்குன்னு பார்ப்போமா?' என்று விரலைத் திரும்ப முதல் சொல்லுக்குக் கொண்டுபோனால் போதும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகளுக்கும், வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் மொழியின் எழுத்தில் க-வுக்கும் அதன் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது, தமிழில் 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றுக்கும் ஒரே 'க'. தமிழ்ச் சொல்லைக் காதால் நிறையக் கேட்ட பிள்ளைக்கு இது பிரச்சினையே இல்லை, சொல் தெரிந்ததும் ஒலி தானாகச் சரியாகிவிடும். கேட்காத பிள்ளைக்கு எந்த விதியைச் சொன்னாலும் உதவாது. அதற்குக் கதையைக் காதால் கேட்கும் வாய்ப்புதான் வேண்டும்.

எனவே தினமும் 15 நிமிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கோரிக்கைகளில் முதலாவது இது. மதியச் சாப்பாடு முடிந்தவுடன் வரும் நேரம் இதற்குப் பொருத்தம். வெயிலும் தூக்கமுமாக வேறு எந்தப் பாடமும் ஏறாத நேரம் அது.

செய்யும் விதத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. 30 பிள்ளைகள் என்றால் தரையில் அரைவட்டமாக மூன்று வரிசை, குள்ளமான பிள்ளைகள் முன்னால். ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பக்கம் இருட்டாகிவிடும், பிள்ளைகளுக்குக் கண் கூசும். வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழும்படி உட்கார வேண்டும். புத்தகத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தால் ஆசிரியரால் படிக்க முடியாது, எட்டி எட்டிப் பார்த்து வாசிப்பு அறுந்து போகும். தோளுக்குப் பக்கத்தில், பக்கம் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடித்தால் இருவருக்கும் தெரியும். முந்தின நாளே ஆசிரியர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தக் குரல் யாருக்கு என்று அப்போதுதான் தெரியும். படிக்கும்போது விரல் சொல்லுக்குக் கீழே ஓடட்டும்.

ஒரே புத்தகத்தை நான்கு நாள் வாசியுங்கள். பெரியவர்களுக்குத்தான் சலிக்கும், பிள்ளைகளுக்கு இல்லை. முதல் நாள் கேட்பார்கள். இரண்டாம் நாள் திரும்பத் திரும்ப வரும் வரியைச் சேர்ந்து சொல்வார்கள். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை முன்னால் வந்து விரலை ஓட்டும். நான்காம் நாள் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பாதி நினைவிலும் பாதி எழுத்திலுமாக 'வாசிக்கும்'. ஒப்பிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். இங்கே பொருள் தெரிந்த சொல்லுக்குக் கீழே விரல் இருக்கிறது, கண் அதைப் பார்க்கிறது, தெரிந்த எழுத்து ஒவ்வொன்றாக அடையாளம் படுகிறது. பலகைப் பாடம் தனியாகச் சொன்ன 'ப'வும் 'ட'வும் இங்கே ஒரு கதைக்குள் வந்து நிற்கின்றன.

வரிக்கு வரி நிறுத்திப் பொருள் கேட்காதீர்கள். கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?' என்றும் கேட்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் பிள்ளை கதையைக் கேட்பதை விட்டுவிட்டுப் பதிலைத் தேட ஆரம்பித்துவிடும். 'உனக்கு எந்தப் பக்கம் பிடிச்சுது?' போதும். பக்கத்தைத் திருப்பிக் காட்டட்டும், அதுவே பதில்.

அரசுத் திட்டங்கள் இதற்கு எதிராக இல்லை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்திருக்கின்றன. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ் இருக்கிறது. இணையத்தில் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு. புத்தகம் இல்லை என்பது இப்போது பெரிய பிரச்சினை இல்லை. பீரோவுக்குள் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

பூட்டி வைப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நாங்கள் நினைக்கவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய புத்தகம் ஒன்று குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். மாறுதலாகிப் போகும்போது ஒப்படைக்க வேண்டியவரும் அவர்தான். எந்தப் பாதுகாப்பும் தராமல் 'புத்தகத்தை வெளியே வையுங்கள்' என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் எவரும் துணிய மாட்டார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நூலகங்களில் ஆண்டுக்கு 1000 முறை எடுத்துப் படிக்கப்படும் புத்தகங்களில் 5 தொலைவதை, அலட்சியமோ நேர்மைக் குறைவோ இல்லாத வரை, நியாயமான இழப்பாக ஏற்கிறது. அது பெரியவர்கள் புழங்கும் நூலகத்துக்கும் சேர்த்து எழுதிய கணக்கு. ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போனால் 35 வாரத்தில் 1050 தடவை கைமாறும். ஆறு வயதுப் பிள்ளையிடம் 16 பக்கப் பின் அடித்த புத்தகம் அத்தனை தடவை போய் வந்தால் ஐந்தோடு நிற்காது. எனவே கல்வித் துறை தெளிவாக ஓர் ஆணை இடட்டும்: ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உள்ள கதைப் புத்தகங்களைச் சாக்பீஸ் போலத் தேய்ந்து தீரும் பொருளாகக் கருதலாம், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து கிழிந்தாலோ தொலைந்தாலோ மேலாண்மைக் குழுவின் கையெழுத்தோடு பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்று. இந்த ஒரு தாள் கையில் இருந்தால் பீரோக்கள் தானாகத் திறக்கும்.

பெற்றோருக்கு ஒன்று: கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது, அதில் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று தனியாகவே குறிப்பிடுகிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

வெளியே எடுத்த புத்தகத்தை எங்கே வைப்பது? அலமாரியில் முதுகைக் காட்டி அடுக்கினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. மெல்லிய புத்தகத்துக்கு முதுகே கிடையாது. அட்டைப் படம் தெரிய வேண்டும். சுவரில் தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் நைலான் கயிறு, துணி கிளிப், அவ்வளவுதான். நான்கடிக்கு ஓர் ஆணி அடிக்காவிட்டால் கயிறு நடுவில் தொய்ந்து எல்லாப் புத்தகமும் ஒரே இடத்தில் குவியும். தடித்த புத்தகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டால் பின் பிய்ந்து அட்டை மட்டும் கையோடு வரும், அவற்றை அகலமான பிளாஸ்டிக் கூடையில் போடுங்கள். 30 பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் 60 புத்தகமாவது கண்ணில் படட்டும், மாதம் ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கைப் பக்கத்து வகுப்போடு மாற்றிக்கொள்ளலாம்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் பின்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு காகிதத்தை அரித்து நடுப்பக்கம் கழன்று விழும். புத்தகம் வந்தவுடனே பின்னைக் கழற்றிவிட்டு, மடிப்பில் மூன்று துளையிட்டு ஊசி நூலால் தைத்துவிட்டால் நீண்ட நாள் தாங்கும். குழுவில் இருக்கும் பெற்றோர் ஒரு மதியத்தில் நூறு புத்தகம் தைத்துவிடலாம். கிழிந்த பக்கத்துக்கு சாதா செலோ டேப் ஒட்டினால் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், மெல்லிய வெள்ளைத்தாள் பட்டையும் மைதாப் பசையும் நல்லது. பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் வாயில் வைக்கும் புத்தகத்தில் கூடாது. பாச்சை உருண்டையும் அப்படித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தரைத்தளத்தில் கீழ்த்தட்டைக் காலியாக வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நம் பகுதியில் எவ்வளவு உயரம் ஏறியது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பீரோவை ஓதம் ஏறிய சுவரோடு ஒட்டி வைக்காமல் அரை அடி தள்ளி வைத்தால் பூஞ்சை குறையும்.

எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்பதில் ஒரு வழக்கமான யோசனை உண்டு: ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்து விரலும் மடங்கினால் அது கடினமான புத்தகம் என்று. தமிழ்ப் படக்கதைக்கு இது ஒத்துவராது. ஒரு பக்கத்தில் இருப்பதே பத்துப் பதினைந்து சொல், அதில் இரண்டு தெரியாவிட்டாலே பிள்ளை நின்றுவிடும். இன்னொன்று, தமிழில் சொல்லின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எளிமை என்று முடிவு கட்ட முடியாது. 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்பது ஒரே சொல்தான், ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு மலை. புத்தகம் வாங்கும் குழு சொல்லின் நீளத்தைப் பார்த்து வாங்கட்டும். நீளமான சொல் வந்தால் வாலை விரலால் மறைத்து 'பார்த்து' வரை படிக்கவிட்டு, பிறகு 'கொண்டு', பிறகு 'இருந்தார்கள்' என்று திறந்து காட்டலாம். சில தடவை செய்தால் பிள்ளையே விரலை வைக்க ஆரம்பிக்கும்.

பிள்ளைகள் செய்யும் புத்தகங்களையும் கயிற்றில் மாட்டுங்கள். ஓர் ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் அட்டையோடு எட்டுப் பக்கம். பிள்ளை சொல்வதை அதன் பேச்சிலேயே ஆசிரியர் எழுதட்டும், படம் பிள்ளை வரையட்டும். கேரம் போர்டு, ஃபுட்பால், ஹார்பர் கிரேன், மீன் ஏலம் என்று பொருளுக்குப் பஞ்சமே இல்லை. மெட்ரோ நிலையப் பெயர்களை வைத்தே ஒரு புத்தகம் செய்யலாம்: தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர். பிள்ளை மறுநாள் ரயிலில் போகும்போது பலகையைப் படித்துவிட்டு வந்து சொல்லும்.

வெள்ளிக்கிழமை ஒரு புத்தகம் துணிப்பையில் வீட்டுக்குப் போகட்டும், திங்கட்கிழமை திரும்பட்டும். ஒரு நோட்டில் பெயர், புத்தகம், திரும்பியதா என்று மூன்று பத்தி போதும், அதை எழுதும் வேலையையும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். படிக்கத் தெரியாத அம்மா என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளை படத்தைக் காட்டிக் கதை சொல்லட்டும், அம்மா கேட்டால் போதும். விடியற்காலை ஏலத்துக்குப் போகும் வீடுகளில் இரவில் நேரம் இருக்காது, ஞாயிறு மதியம் இருக்கும். அதனால்தான் மற்ற நாள்களைவிட வெள்ளிக்கிழமை நல்லது என்கிறோம்.

மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக இரண்டு நிமிடம் படிக்கக் கேளுங்கள். நாளைக்கு நான்கு பிள்ளை என்றால் 30 பேருக்கு எட்டு நாள். வரிசை மாற்றிப் பத்து எழுத்து, ஐந்து சொல், முன்பு பார்க்காத இரண்டு வரி, படித்ததைச் சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்வது. மதிப்பெண் வேண்டாம், எங்கே தடுக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்: 'கொம்பு தாண்டுகிறான்', 'கு-கூ குழப்பம்', 'படிக்கிறாள், பொருள் சொல்லவில்லை'. பக்கத்தை மூக்குக்கு நேராகக் கொண்டுபோகும் பிள்ளை இருந்தால் பெயரைத் தனியாகக் குறித்துக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பார்வைக் குறையைப் படிப்பில் மந்தம் என்று முத்திரை குத்தி வைத்திருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறோம்: பீரோவில் உள்ள கதைப் புத்தகங்களை எண்ணி வகுப்புவாரியாகப் பிரிப்பது, கயிறும் கிளிப்பும் ஊசி நூலும் வாங்குவது, மதியம் 15 நிமிடத்தைக் கால அட்டவணையில் எழுதி ஒட்டுவது. இழப்பு பற்றிய ஆணையை மட்டும் கல்வித் துறைதான் தர முடியும். அதை இந்தக் கல்வியாண்டுக்குள் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு வாசிப்புப் பணியில் இருப்பவர்கள்